பிரவுசரிடம் நான் சொன்ன ஒரு வரி

பள்ளிக்கூடம் முழுக்க எனக்கு இங்கிலீஷ் மீடியம். தமிழில் இரண்டு பக்கத்துக்கு மேல் நான் கடைசியாக எழுதியது பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில்தான். அதனால் பிழை இருந்தால் எடிட்டர் டீமைத் திட்டுங்கள், என்னை விட்டுவிடுங்கள்.

இது கேஷ் பற்றிய கட்டுரை. போன வருஷம் வீட்டுக்கு ஃபோன் பண்ணி, "கேஷ் பிரச்சனைம்மா, நாலு நாளா தூக்கமே இல்ல" என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எவ்ளோடா வேணும்?" என்று கேட்டார். அந்த கேஷ் இல்லை. ஒருமுறை பார்த்த பக்கத்தை மறுபடி கேட்டால் சட்டென்று காட்டுவதற்காக பிரவுசர் தன்னிடமே எடுத்து வைத்துக்கொள்ளும் பிரதிக்குத்தான் கேஷ் என்று பெயர். அப்படி ஒரு பிரதியால் என் ஜூனியர் ஒருத்தனை நான் கஷ்டப்படுத்திவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் செய்தது நான்தான்.

ஒரு சின்ன பிராஜெக்ட்

மூன்றாம் வருஷம் மினி பிராஜெக்டுக்கு நானும் என் ரூம்மேட்டும் சேர்ந்து டிபார்ட்மெண்டுக்கு ஒரு மென்டார் போர்ட்டல் செய்தோம். அதுவரைக்கும் ஒவ்வொரு மென்டாரும் ஒரு பெரிய நோட்டில் எழுதி வைத்துக்கொண்டிருந்தார்கள். இன்டர்னல் மார்க், அட்டெண்டன்ஸ், அரியர், ஃபீஸ் பாக்கி, கடைசியில் ரிமார்க்ஸ் என்று ஒரு கட்டம். அதை அப்படியே வெப்பில் ஏற்றினோம். பிஎச்பி, மைஎஸ்க்யூஎல், லேப் மூலையில் கிடந்த ஒரு பழைய சிஸ்டம்தான் சர்வர். ரிவ்யூ முடிந்ததும் எச்ஓடி, "நல்லா இருக்கே, டிபார்ட்மெண்ட்லயே யூஸ் பண்ணலாமே" என்றார். எங்கள் இரண்டு பேருக்கும் தலைகால் புரியவில்லை. நாங்கள் எழுதினதை நிஜ மனுஷங்க யூஸ் பண்ணப் போறாங்க!

இரண்டு வாரம் கழித்து மென்டார் மேம் ஒருவர் கூப்பிட்டார். "ரிஜிஸ்டர் நம்பர் போட்டுத் தேடறேன்பா. லிஸ்ட் வருது. ஒரு ஸ்டூடண்டைப் பாத்துட்டு பேக் அமுக்கினா ஃபார்ம் ரீசப்மிஷன்னு என்னமோ வருது. ஒவ்வொரு தடவையும் முதல்லேருந்து தேட வேண்டியிருக்கு. என்னன்னு பாரு."

என்ன நடந்தது என்று இப்போது சொல்ல முடியும். அந்தத் தேடும் ஃபார்மை நாங்கள் போஸ்ட் முறையில் அனுப்பியிருந்தோம். வந்த பக்கத்தை பிரவுசர் சேமித்து வைக்கவில்லை. அதனால் பேக் அமுக்கினால் அதே ஃபார்மை மறுபடி அனுப்பியாக வேண்டும், அனுப்பட்டுமா என்று அது கேட்டது. இதற்குச் சரியான வழி, போஸ்ட் வந்ததும் சர்வர் உடனே வேறொரு கெட் முகவரிக்கு ரீடைரக்ட் செய்வது. இல்லையென்றால் தேடும் ஃபார்மையே கெட் முறையில் வைப்பது.

அன்றைக்கு எனக்கு அது தெரியாது. நெட்டில் அரை மணி நேரம் தேடியதில் ஒரு வரி கிடைத்தது. செஷன் தொடங்குவதற்கு முன்னால் செஷன் கேஷ் லிமிட்டரை 'பிரைவேட் நோ எக்ஸ்பயர்' என்று வைக்கச் சொன்னது. வைத்தேன். அதுவும் அந்த ஒரு பக்கத்தில் இல்லை, எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான ஃபைலில் வைத்தேன். ஒரே இடத்தில் எழுதினால் எல்லா இடத்திலும் வேலை செய்யும் என்ற பெருமை வேறு.

மேம் பேக் அமுக்கினார். லிஸ்ட் வந்தது. "சூப்பர்பா" என்றார். அந்த வரி என்ன செய்கிறது என்று நான் படிக்கவே இல்லை. பெயரிலேயே பிரைவேட் இருக்கே, அப்புறம் என்ன என்று விட்டுவிட்டேன்.

லேப்பில் நடந்தது

இரண்டாம் இன்டர்னல் மார்க் ஏற்றிய அன்று செகண்ட் இயர் பசங்களுக்கு லேப். ஒரு பேட்ச் முடிந்து இன்னொரு பேட்ச் வரும். எல்லா சிஸ்டத்திலும் விண்டோஸுக்கு ஒரே லாகின், ஒரே பிரவுசர். அது உங்களுக்கே தெரியும்.

முதல் பேட்சில் ஒரு பையன் தன் மார்க்கைப் பார்த்தான். ஒழுங்காக லாக்அவுட் பண்ணிவிட்டுத்தான் போனான். கொஞ்ச நேரம் கழித்து அதே சிஸ்டத்தில் அவன் கிளாஸ்மேட் உட்கார்ந்தான். தன் ரிஜிஸ்டர் நம்பர், தன் பாஸ்வேர்டு போட்டான். திரையில் வந்தது முதல் பையனுடைய பக்கம்.

பேர், மார்க், இரண்டு அரியர், ஃபீஸ் பாக்கி. கீழே ரிமார்க்ஸ் கட்டத்தில் மென்டார் எழுதிய ஒரு வரி. அப்பா இறந்து நான்கு மாதம் ஆகிறது, ஃபீஸைத் தவணையில் கட்ட அனுமதி கேட்டிருக்கிறான் என்று.

இரண்டாவது பையன், "டேய், என் லாகின்ல யாரோட பேஜ்டா வருது?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டான். பக்கத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் யார் மேலும் தப்பு இல்லை. திரையில் இருந்ததைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். ஆனால் முதல் பையன் தன் அப்பா இறந்ததை கிளாஸில் ஒருத்தரிடமும் சொல்லியிருக்கவில்லை. மத்தியானம் மெஸ்ஸுக்கு வரும்போது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இரண்டாவது பையன்தான் என்னைத் தேடி வந்தான். முகம் வெளுத்துப்போயிருந்தது. "அண்ணா, என் பாஸ்வேர்டு போட்டா அவன் பேஜ் வருதுணா. நான் எதுவும் பண்ணலணா."

"அதெல்லாம் வராதுடா" என்றேன். முதலில் வாயில் வந்தது அதுதான். அதை நினைத்தால் இப்பவும் கூசுகிறது.

கேட்கவே படாத சர்வர்

மத்தியான கிளாஸை கட் அடித்துவிட்டு கோடை அலசினேன். செஷன் ஐடி இரண்டு பேருக்கும் ஒன்றாகப் போய்விட்டதா? இல்லை. டேட்டாபேஸ் கேள்வியில் ரிஜிஸ்டர் நம்பர் தப்பாகப் போகிறதா? இல்லை. கடைசியில் ரூம்மேட்தான் சொன்னான், "மச்சான், ஆக்சஸ் லாக் பாருடா."

பார்த்தோம். இரண்டாவது பையன் லாகின் செய்த வரி இருந்தது. அவனை மார்க் பக்கத்துக்கு ரீடைரக்ட் செய்ததும் அதே வரியில் 302 என்று இருந்தது. அதற்கு அப்புறம் அந்தப் பக்கத்தைக் கேட்ட வரி வர வேண்டும். வரவில்லை. அதாவது மார்க் பக்கத்தைக் கொடு என்று யாரும் எங்கள் சர்வரைக் கேட்கவே இல்லை. பிரவுசர் தன்னிடம் இருந்த பிரதியை எடுத்துக் காட்டிவிட்டது.

அப்புறம்தான் பிஎச்பி மேனுவலைத் திறந்தேன். ஒரு மாதத்துக்கு முன்னால் படித்திருக்க வேண்டிய பக்கம். 'பிரைவேட் நோ எக்ஸ்பயர்' என்று வைத்தால் சர்வர் ஒவ்வொரு பக்கத்தோடும் கேஷ்-கண்ட்ரோல் என்ற ஹெடரில் இரண்டு விஷயம் அனுப்பும். ஒன்று 'பிரைவேட்'. இன்னொன்று 'மேக்ஸ்-ஏஜ்', அதாவது இத்தனை நொடிக்கு இந்தப் பிரதி செல்லும் என்பது. மாற்றாமல் விட்டால் பிஎச்பியில் அது 180 நிமிஷம், 10800 நொடி. முழுசாக மூன்று மணி நேரம்.

'பிரைவேட்' என்றால் ரகசியம் என்று அர்த்தம் இல்லை. பல பேருக்குப் பொதுவாக நடுவில் நிற்கும் பிராக்ஸி மாதிரியான கேஷ் இதைச் சேமிக்கக் கூடாது, ஒரு தனி ஆளின் பிரவுசர் சேமிக்கலாம் என்றுதான் அர்த்தம். ஒரு பிரவுசருக்கு ஒரு ஆள் என்ற கணக்கில் அது எழுதப்பட்டிருக்கிறது. நம்ம லேப்பில் ஒரு பிரவுசருக்கு ஒரு டிபார்ட்மெண்டே உட்காரும். பிரவுசர் பிரதியைத் தேடும்போது முகவரியைத்தான் பார்க்கும். எங்கள் போர்ட்டலில் எல்லா மாணவருக்கும் மார்க் பக்கத்தின் முகவரி ஒன்றுதான். வந்திருப்பது யார் என்று சொல்வது குக்கி. அதைப் பார்க்கச் சொல்லி நாங்கள் பிரவுசரிடம் எதுவும் சொல்லவில்லை.

நம்ம காலேஜ் வாசல் ஜெராக்ஸ் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். யூனிட் மூணு நோட்ஸை ஒருத்தர் கொடுத்தால் கடை அண்ணன் ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்வார். அடுத்த ஆள் கேட்டால் உடனே கிடைக்கும். எல்லோருக்கும் லாபம். அதே அண்ணனிடம் உங்கள் மார்க் ஷீட்டைக் கொடுத்து, "இதையும் மூணு மணி நேரம் வெச்சிருங்க, யார் மார்க் ஷீட் கேட்டாலும் குடுங்க" என்று சொன்னால்? நான் சொன்னது அதுதான்.

இன்னொன்று தெரிந்தபோது ரொம்ப வலித்தது. நான் எதுவுமே செய்யாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. பிஎச்பி செஷன் தொடங்கினாலே தானாகவே 'நோ-ஸ்டோர், நோ-கேஷ், மஸ்ட்-ரீவேலிடேட்' என்று அனுப்பும். கூடவே, இந்தப் பக்கம் 1981 நவம்பர் 19 காலை 8:52-க்கே காலாவதி ஆகிவிட்டது என்று எக்ஸ்பயர்ஸ் ஹெடரும் போகும். ஏன் அந்தத் தேதி? அந்தப் பகுதியை எழுதினவர் தன் பிறந்த நாளைப் போட்டுவிட்டார் என்று பிஎச்பிகாரர்களிடையே ஒரு பேச்சு உண்டு. யாரோ யோசித்துப் போட்டு வைத்த பூட்டு. பேக் பட்டனுக்காக நான் அதைக் கழற்றிவிட்டேன்.

பொதுவான ஃபைலில் இருந்து அந்த வரியை எடுத்தேன். தேடும் ஃபார்மை மட்டும் கெட் முறைக்கு மாற்றினேன். அப்பாடா என்று உட்கார்ந்தபோது லேப் அசிஸ்டண்ட் சார் கேட்டார், "கோடு சரி பண்ணிட்ட, சரி. ஏற்கெனவே குடுத்த காப்பியெல்லாம் யாருப்பா திரும்ப வாங்குவா?"

உண்மைதான். சர்வர் ஒரு தடவை 'மூன்று மணி நேரம் வைத்துக்கொள்' என்று சொல்லிவிட்டால் திரும்ப வாங்க வழி இல்லை. அந்த நேரம் முடியும்வரை பிரவுசர் நம்மிடம் வராது. வந்தால்தானே மனசு மாறிவிட்டது என்று சொல்ல முடியும்? மார்க் பக்கத்தின் முகவரியை மாற்றினேன், இனி லாகின் செய்பவர்கள் பழைய பிரதியில் போய் விழக்கூடாது என்று. அப்புறம் நானும் ரூம்மேட்டும் லேப்பில் ஒவ்வொரு சிஸ்டமாக உட்கார்ந்து கண்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட் அமுக்கி எல்லாவற்றையும் அழித்தோம். ஒரு வரியை ஒட்ட எனக்கு பத்து நொடி ஆகியிருக்கும். அழிக்க சாயங்காலம் ஆனது.

நீங்களும் மாட்டாமல் இருக்க

அந்த வாரம் நான் படித்ததை உங்களுக்குத் தருகிறேன். ஃபைனல் இயர் பிராஜெக்டில் பாதிப் பேர் லாகின் பக்கம் வைத்திருப்பீர்கள்.

முதலில் பெயர் குழப்பம். 'நோ-கேஷ்' என்றால் சேமிக்காதே என்று நினைப்பீர்கள். இல்லை. சேமித்துக்கொள், ஆனால் ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்டுவிட்டுக் காட்டு என்று அர்த்தம். சேமிக்கவே சேமிக்காதே என்பதற்குப் பெயர் 'நோ-ஸ்டோர்'. கணினித் துறையில் கஷ்டமான விஷயம் இரண்டுதான், கேஷை எப்போது தூக்கிப் போடுவது என்பதும் பெயர் வைப்பதும் என்று நெட்ஸ்கேப்பில் வேலை பார்த்த பில் கார்ல்டன் சொன்னதாகச் சொல்வார்கள். நோ-கேஷில் இரண்டும் ஒன்றாக வந்து நம்மைப் பிடிக்கின்றன.

அடுத்தது 'பிராக்மா: நோ-கேஷ்'. பழைய டுடோரியல் எல்லாவற்றிலும் இருக்கும். 1996-ல் எச்டிடிபி 1.0 வந்தபோது, பிரவுசர் சர்வரிடம் கேட்கும்போது சொல்வதற்காக இது இருந்தது. சர்வர் பதிலில் இதை அனுப்பினால் என்ன அர்த்தம் என்று விதியில் எழுதவே இல்லை. 1997-ல் எச்டிடிபி 1.1-ல் கேஷ்-கண்ட்ரோல் வந்துவிட்டது. இப்போது நடப்பில் இருக்கும் விதி 2022-ல் வந்த ஆர்எஃப்சி 9111. பிராக்மா மட்டும் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

மூன்றாவது, ஒன்றுமே சொல்லாமல் விடுவது. எந்த ஹெடரும் இல்லையென்றால் பிரவுசர் சேமிக்காது என்று நினைக்க வேண்டாம். கடைசியாக எப்போது மாறியது என்ற தேதி இருந்தால் அதை வைத்துத் தானாகவே ஒரு கணக்குப் போட்டு, இத்தனை நேரம் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்ய அதற்கு அனுமதி உண்டு. நாம் வாயைத் திறக்காவிட்டால் அது ஊகிக்கும்.

நான்காவது, எச்டிஎம்எல் தலைப்பகுதியில் மெட்டா டேக் போடுவது. நடுவில் இருக்கும் பிராக்ஸி எச்டிஎம்எல்லைப் படிக்காது, ஹெடரை மட்டும்தான் பார்க்கும். சொல்ல வேண்டியதை ஹெடரில் சொல்லுங்கள்.

ஐந்தாவது, முகவரிக்குப் பின்னால் கேள்விக்குறி போட்டு நேரத்தை ஒட்டுவது. ஒவ்வொரு தடவையும் புது முகவரி என்பதால் புதுப் பக்கம் வரும். நிஜம். ஆனால் பழைய பிரதி ஒவ்வொன்றும் டிஸ்கில் அப்படியே கிடக்கும். பழைய விஷயம் தெரியக் கூடாது என்பதற்கு இது உதவும். அடுத்தவருக்குத் தெரியக் கூடாது என்பதற்கு உதவாது. இரண்டும் வேறு வேறு பிரச்சனை. எனக்கு நடந்தது இரண்டாவது.

கடைசியாக பேக் பட்டன். சாதாரண கேஷ் தவிர, விட்டுப்போன பக்கத்தை உயிரோடு அப்படியே மெமரியில் நிறுத்தி வைக்கும் வசதி ஒன்று பிரவுசர்களில் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் 2005-லேயே வந்தது, டெஸ்க்டாப் குரோமில் 2021-ல். லாக்அவுட் செய்த பிறகு பேக் அமுக்கினால் அது எழுந்து வரலாம். ஜாவாஸ்கிரிப்டில் 'பேஜ்ஷோ' என்ற ஈவென்டைக் கவனித்து, 'பெர்சிஸ்டட்' உண்மை என்று வந்தால் பக்கத்தை ரீலோட் பண்ணச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் படித்த வேகத்தில் எல்லாப் பக்கத்துக்கும் நோ-ஸ்டோர் போட்டுவிடாதீர்கள். நான் போட்டேன். ஹாஸ்டல் வைஃபையில் லோகோ இறங்கவே யுகம் ஆனது. லோகோவும் சிஎஸ்எஸ்ஸும் எல்லோருக்கும் ஒன்றுதான், மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளட்டும். டைம்டேபிள், சர்க்குலர் எல்லோருக்கும் பொது, ஆனால் மாறும். அதற்கு நோ-கேஷ். மாறவில்லை என்றால் சர்வர் 304 என்று மட்டும் சொல்லும், முழுப் பக்கத்தையும் மறுபடி அனுப்பாது. ஒரு ஆளுக்கு மட்டும் சொந்தமான பக்கம், அதற்கு நோ-ஸ்டோர். இது யாருடைய பக்கம் என்று கேட்டாலே பாதி முடிவு கிடைத்துவிடும்.

அவன் சொன்னது

இரண்டு நாள் கழித்துத்தான் அந்த ஜூனியரைப் பார்க்க எனக்குத் தைரியம் வந்தது. ஹாஸ்டல் வராண்டாவில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தான். சாரி சொன்னேன். கேஷ், பிரைவேட், மூன்று மணி நேரம் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். பாதியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது, இந்த விளக்கம் எனக்குத்தான் தேவைப்படுகிறது, அவனுக்கு இல்லை.

முழுசாகக் கேட்டான். அப்புறம் ஒன்று கேட்டான்.

"சரிணா. அந்த ரிமார்க்ஸ் எதுக்குணா என் பேஜ்ல வருது? எங்கப்பா இல்லைங்கறது எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு தடவை மார்க் பாக்கும்போதும் அதையும் பாக்கணுமா?"

என்னிடம் பதில் இல்லை. நோட்டில் அந்தக் கட்டம் இருந்தது, அதனால் பக்கத்திலும் வைத்தோம். மென்டாருக்கான நோட்டு அது. மாணவர் பக்கத்திலும் அதையே காட்ட வேண்டுமா என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. டேபிளில் இருந்த எல்லாக் காலத்தையும் எடுத்து அப்படியே கொட்டியிருந்தோம். கேஷ் சரியாக இருந்திருந்தாலும் அவன் அதைத் தினம் பார்த்திருப்பான். எந்த லாகிலும் அது பிழை என்று வந்திருக்காது.

அன்று ராத்திரி மாணவர் பக்கத்தில் இருந்து ரிமார்க்ஸை எடுத்தேன். ஃபீஸ் பாக்கியையும் தனிப் பக்கத்துக்கு மாற்றினேன். கிளாஸில் அவனுக்கு அப்புறம் எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. காரிடாரில் பார்த்தால் "அண்ணா" என்பான். நானும் தலையாட்டுவேன்.

போர்ட்டலை இப்போது தேர்ட் இயர் டீம் ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டோம். கோடில் அந்த வரி இருந்த இடத்தில் ஒரு கமெண்ட் எழுதி வைத்திருக்கிறேன், இங்கே எதையும் மாற்றும் முன் என்னைக் கூப்பிடவும் என்று, ஃபோன் நம்பரோடு.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இன்றைக்கு உங்கள் பிராஜெக்டைத் திறந்து லாகின் பண்ணுங்கள். லாக்அவுட் பண்ணுங்கள். பேக் பட்டனை ஒரு தடவை அமுக்குங்கள். அப்புறம் அதே பிரவுசரில் உங்கள் ரூம்மேட்டின் லாகினில் உள்ளே போங்கள். யாருடைய பக்கம் வருகிறது என்று பாருங்கள்.